மே மாத வெயில், ஜூன் மாத விந்து

கருவூட்டல் ஊசி போட்டும் மாடு சினை பிடிக்கவில்லை என்றால் பழி முதலில் மாட்டின் மேல்தான். பருவம் தவறிவிட்டது, சத்துக் குறைவு, ஊசி போட்டவர் கை சரியில்லை என்று அடுக்குவார்கள். எங்கோ ஒரு பண்ணையில் நிற்கும் பொலிகாளை யார் நினைவுக்கும் வருவதில்லை.

காளையின் விதைக்குள் ஒரு விந்தணு உருவாகச் சுமார் 61 நாள் ஆகும். பிறகு விதையை ஒட்டிய சுருள்குழாயில் இறங்கி முதிர இன்னும் ஒரு வாரம், பத்து நாள். ஆக, இன்று சேகரிக்கும் விந்து இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்கிய வேலை. நடுவில் காளைக்குக் கடும் காய்ச்சல் வந்தாலும், கொட்டகை அனலாகக் காய்ந்தாலும் அன்றைக்கே ஒன்றும் தெரியாது. இரண்டு வாரம் போனபின் நுண்ணோக்கியில் தலை சிதைந்த, வால் சுருண்ட அணுக்கள் கூடுதலாகத் தென்படும். பழைய நிலைக்குத் திரும்ப ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும்.

சூடுதான் விதைக்கு முதல் எதிரி. உடம்பைவிட அது சில டிகிரி குளிர்ந்திருந்தால்தான் அணு ஒழுங்காக உருவாகும். அதற்காகவே விதைப்பை வெளியே தொங்குகிறது. குளிரில் சுருங்குகிறது, வெயிலில் தளர்கிறது, வியர்க்கிறது. உள்ளே போகும் தமனியைச் சுற்றிச் சிரைகள் வலையாகப் பின்னியிருக்கின்றன. விதையிலிருந்து திரும்பும் குளிர்ந்த ரத்தம், உள்ளே வரும் சூடான ரத்தத்தை வழியிலேயே ஆற்றிவிடுகிறது. திமில் உள்ள இனங்களில் தமனிச் சுவர் மெல்லியது, சிரையும் நெருக்கத்தில் இருக்கிறது. ஆகவே ரத்தம் இன்னும் நன்றாக ஆறுகிறது. ஆந்திரத்து ஓங்கோல் மாட்டின் வழிவந்த நெல்லூர் இனம் பிரேசிலின் வெப்பத்தில் தழைப்பதற்கு இந்த உடலமைப்பும் உதவுகிறது. ஜெர்சிக்கும் ஹோல்ஸ்டீனுக்கும் அந்த வசதி குறைவு. உதகையின் குளிர் அவற்றுக்கு ஒத்துப்போகும். சமவெளியிலோ நிழலும் காற்றோட்டமும் தண்ணீர்த் தெளிப்பும் இல்லாமல் கோடையைத் தாண்ட முடியாது. நம் நாட்டில் கலப்பினக் காளைகள் பல, விந்து தரமாக இல்லை அல்லது உறையவைத்தால் தாங்கவில்லை என்றே கழிக்கப்படுகின்றன.

தீனியின் கதை வேறு. பிறந்த முதல் ஆறு மாதம் நன்றாகத் தின்று வளர்ந்த ஆண் கன்றுக்கு விதை பெரிதாகும், பருவமும் சீக்கிரம் வரும். அப்போது பட்டினி போட்டுவிட்டுப் பிறகு கொட்டிக் கொடுத்தாலும் ஈடாகாது. காளைக்கன்றுதானே என்று மடியில் விடாமல் இழுத்துக் கட்டும் நம் வழக்கம், நல்ல பொலிகாளைகளைத் தொழுவத்திலேயே தொலைத்துவிடுகிறது. வளர்ந்த காளைக்கு அதிகத் தீனியும் ஆகாது. விதைப்பையின் கழுத்தில் கொழுப்பு சேர்ந்து சூட்டை வெளியேறவிடாமல் அடைத்துவிடும்.

சேகரித்த பிறகும் கண்டம் தீராது. குளிர்ந்த கண்ணாடிக் குழாயில் விழுந்தாலே அணுக்கள் அதிர்ச்சியில் சாகும். 1949-இல் கிளிசரினின் காப்புச் சக்தியை இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் போல்ஜும் கூட்டாளிகளும் கண்டுபிடித்ததால்தான் உறைவிந்து சாத்தியமானது. அப்படியும் உறையவைக்கும்போது ஏறத்தாழ பாதி அணுக்கள் மடிகின்றன. அதனால்தான் கால் மில்லிலிட்டர் விந்துக் குச்சி ஒன்றில் 2 கோடி அணுக்கள் அடைத்து, உருக்கியபின் பாதியாவது நீந்த வேண்டும் என்று இந்தியாவில் தரம் வகுத்திருக்கிறார்கள்.

கடைசி அரை நிமிடம் மாட்டுக்காரரின் கண்முன் நடப்பது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்த குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைக்க வேண்டும். சட்டைப்பையிலோ உள்ளங்கையிலோ வைத்து உருக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தொழுவத்தில் ஒரு தெர்மாமீட்டரும் ஒரு செம்பு வெந்நீரும் இருந்தால் போதும், “இதில் வைங்க தம்பி” என்று கேட்டு வாங்கலாம்.