தெரிந்தவருக்கு வேலைப் பரிந்துரை: எப்போது ஏற்கலாம், எப்படி மறுக்கலாம்?

"உங்கள் கம்பெனியில் என் தம்பிக்கு ஒரு வேலை பார்த்துச் சொல்லுங்கள்." பெங்களூரு, ஹைதராபாத், புணே, குருகிராம் போன்ற நகரங்களில் தகவல் தொழில்நுட்பம், வங்கி, நிதிச் சேவை நிறுவனங்களில் பணிபுரியும் பலரும் அடிக்கடி எதிர்கொள்ளும் கோரிக்கை இது. கேட்பவர் முன்னாள் வகுப்புத் தோழராகவோ, அண்டை வீட்டாராகவோ, தந்தையின் நண்பராகவோ, லிங்க்டுஇன் தளத்தில் மட்டும் அறிமுகமானவராகவோ இருக்கலாம்.

உறவைக் கெடுத்துக்கொள்ள மனம் வராது. அதேநேரம், பணித்திறன் தெரியாத ஒருவருக்காகத் தமது பெயரை முன்வைக்கவும் தயக்கம் இருக்கும். இந்த இரண்டுக்கும் இடையே பலர் தேர்ந்தெடுக்கும் பதில், "பார்க்கலாம்" என்பதாகும். சொல்பவருக்கு அது நாகரிகமான மறுப்பு. வேலை தேடுபவருக்கோ அது ஒரு வாக்குறுதி. அதை நம்பி அவர் நேரடியாக விண்ணப்பிக்காமல் காத்திருந்தால், கடைசித் தேதி கடந்து வாய்ப்பே பறிபோகக்கூடும்.

பரிந்துரை வேறு, சிபாரிசு வேறு

பெரும்பாலான பெரிய தனியார் நிறுவனங்களில் 'எம்ப்ளாயி ரெஃபரல்' எனப்படும் ஊழியர் பரிந்துரைத் திட்டம் நடைமுறையில் உள்ளது. ஊழியர் தமக்குத் தெரிந்தவரின் சுயவிவரக் குறிப்பை, குறிப்பிட்ட பணியிடத்தின் எண்ணுடன் நிறுவனத்தின் உள் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். விண்ணப்பதாரரை எத்தனை ஆண்டுகளாகத் தெரியும், அவருடன் சேர்ந்து பணியாற்றியது உண்டா, அவர் உறவினரா என்பன போன்ற கேள்விகளும் அதில் இடம்பெறுவது வழக்கம்.

பரிந்துரைக்கப்பட்டவர் பணியில் சேர்ந்து, நிறுவனம் வகுத்துள்ள குறிப்பிட்ட காலத்தை நிறைவு செய்தால், பரிந்துரைத்தவருக்கு ஊக்கத்தொகை வழங்கப்படும். இத்தொகை ஊதிய வருமானமாகக் கருதப்பட்டு வருமான வரிக்கு உட்படும்.

இத்திட்டத்தின் பயன், விண்ணப்பம் மனிதவளத் துறையின் பார்வைக்கு விரைவாகச் செல்கிறது என்பதே. தேர்வும் நேர்முகமும் மற்றவர்களுக்கு இருப்பது போலவே இருக்கும். ஆனால், செல்வாக்கால் வேலை வாங்கித் தரும் பழைய 'சிபாரிசு' என்றே பலரும் இதைப் புரிந்துகொள்கின்றனர். எனவே, கோரிக்கை வந்தவுடன் முதலில் விளக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். "நான் விண்ணப்பத்தை உள்ளே அனுப்ப முடியும், வேலைக்கு உறுதியளிக்க முடியாது" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது பின்னாளைய மனக்கசப்பைத் தவிர்க்கும்.

கேட்பது தவறா?

அறிமுகமானவரிடம் வேலைக்கு உதவி கேட்பதில் தவறில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவதாகும். பாஸ்டன் அருகே நடத்தப்பட்ட அந்தச் சிறிய ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றோரில் 16.7 சதவீதத்தினர் மட்டுமே, தாங்கள் அடிக்கடிச் சந்திப்பவர் வழியாக அதைப் பெற்றிருந்தனர். 55.6 சதவீதத்தினர் எப்போதாவது சந்திப்பவர் மூலமும், 27.8 சதவீதத்தினர் அரிதாகச் சந்திப்பவர் மூலமும் பெற்றிருந்தனர். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்திகள் பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவை. புதிய செய்தி தூரத்து அறிமுகங்களிடமிருந்தே வருகிறது என்பது அவர் தந்த விளக்கம்.

அந்த ஆய்விலிருந்து ஒரு பயனுள்ள பாடம் கிடைக்கிறது. தூரத்து அறிமுகத்தால் கிடைக்கும் பெரிய உதவி தகவல்தான். உத்தரவாதம் அளிக்க இயலாத நிலையிலும் தகவலை அளிக்க இயலும்.

மூன்று வகைக் கோரிக்கைகள்

முதலாவது, விண்ணப்பதாரரின் பணியை நேரடியாக அறிந்திருக்கும் நிலை. அவர் தகுதியானவர் என்று கருதினால் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம்.

இரண்டாவது, ஆளைத் தெரியும். பணித்திறன் தெரியாது என்ற நிலை. பெரும்பாலான கோரிக்கைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. நிறுவனத்தின் விதிமுறை அனுமதித்தால், "இவருடன் பணியாற்றியதில்லை, பொதுவான அறிமுகம் மட்டுமே" என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு விண்ணப்பத்தை அனுப்பலாம். அதிலும் விருப்பம் இல்லையெனில் மறுத்துவிடலாம்.

மூன்றாவது, பணித்திறனோ நடத்தையோ சரியில்லை என்று தெரிந்திருக்கும் நிலை. இங்கு மறுப்பு ஒன்றே வழி. ஆனால், அவருடைய குறைகளைப் பட்டியலிட வேண்டியதில்லை. "என்னால் பரிந்துரைக்க இயலாது" என்பதே போதுமானது.

எப்படிச் சொல்வது?

மறுப்பு விரைவாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். முடிந்தால் மாற்று வழியுடன் இருக்க வேண்டும். ஒத்த வயதினரிடம் இவ்வாறு கூறலாம்: "நாம் சேர்ந்து வேலை செய்ததில்லை என்பதால், உங்கள் பணியைப் பற்றி நான் எழுதிக் கொடுப்பது சரியாக இருக்காது. நிறுவனத்தின் இணையதளத்தில் அந்தப் பணியிடம் உள்ளது. காத்திருக்காமல் இன்றே நேரடியாக விண்ணப்பித்துவிடுங்கள்."

குடும்பப் பெரியவர் கேட்கும்போது மறுப்பது மேலும் கடினம். அப்போது, "மாமா, தம்பியின் வேலையை நான் நேரில் பார்த்ததில்லை. என் பெயரில் அனுப்பினால் அலுவலகத்தில் நான்தான் பதில் சொல்ல வேண்டும். தம்பியை என்னிடம் பேசச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை எப்படித் தயாரிப்பது, நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள் என்று சொல்லித் தருகிறேன்" என்று கூறலாம்.

தவிர்க்க வேண்டியவை

"இப்போது காலியிடமே இல்லை" என்று பொய் சொல்வது பயன் தராது. நிறுவனங்கள் தங்கள் காலியிடங்களைப் பொதுவெளியில் அறிவிப்பதால், உண்மை சில நிமிடங்களில் தெரிந்துவிடும். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு அனுப்பாமல் இருப்பதும், அனுப்பிவிட்டு மனிதவளத் துறையிடம் அவரைப் பற்றி ரகசியமாகக் குறை கூறுவதும் நேர்மையற்ற செயல்கள்.

சிலர் முன்அனுமதி பெறாமல், தங்களைப் பற்றி விசாரிக்கத் தக்கவர் என்று விண்ணப்பத்தில் நம் பெயரை எழுதிவிடுவதும் உண்டு. மனிதவளத் துறை கேட்டால், எவ்வளவு காலமாக, எந்த வகையில் தெரியும் என்பதை மட்டும் உள்ளபடி கூறலாம். உயரதிகாரி தம் உறவினரை உங்கள் பெயரில் பரிந்துரைக்கச் சொன்னால், உறவுமுறையைத் தெரிவித்து அவரே பதிவேற்றுவதே முறை என்று பணிவுடன் எடுத்துரைக்கலாம்.

தவறான பரிந்துரையால் பரிந்துரைத்தவரின் நம்பகத்தன்மையும் பாதிக்கப்படும். பணியில் சேர்வோரின் முந்தைய அனுபவத்தை நிறுவனங்கள் இப்போது வருங்கால வைப்பு நிதிப் பதிவுகள் வழியாகவும் சரிபார்க்கின்றன. போலி அனுபவச் சான்றிதழ் பிடிபட்டால், பரிந்துரைத்தவரிடமும் கேள்வி எழக்கூடும். பரிந்துரைப்பதற்குப் பணம் பெறுவது இன்னும் கடுமையான விதிமீறல். ஆள்சேர்ப்பு தொடர்பான நடத்தை விதிமீறல்களுக்காக டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் 2023-இல் 16 ஊழியர்களைப் பணியிலிருந்து நீக்கியது. 6 ஒப்பந்த நிறுவனங்களுக்கும் தடை விதித்தது.

அரசுப் பணியில் இடமில்லை

அரசு ஊழியர்களிடம் இத்தகைய கோரிக்கை வந்தால் பதில் இன்னும் எளிது. யுபிஎஸ்சி, எஸ்எஸ்சி, ரயில்வே தேர்வு வாரியம் ஆகியவை நடத்தும் தேர்வுகளில் ஊழியர் பரிந்துரை என்ற முறையே கிடையாது. மத்திய அரசின் குரூப் 'சி' பணிகளுக்கும், குரூப் 'பி' அரசிதழ் பதிவு பெறாத பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வும் ரத்து செய்யப்பட்டுள்ளது. மேலும், மத்திய குடிமைப் பணிகள் நடத்தை விதிகள், 1964-இன் 4-ஆவது விதிப்படி, அரசு ஊழியர் தமது பதவியையோ செல்வாக்கையோ பயன்படுத்தித் தம் குடும்பத்தினருக்குத் தனியார் நிறுவனத்தில் வேலை பெற்றுத் தருவதும் கூடாது.

"உள்ளே ஆள் இருக்கிறது" என்று கூறி யாரேனும் பணம் கேட்டால் அதனை மோசடி என்றே கொள்ள வேண்டும். இணையம் வழியாகப் பணத்தை இழந்தவர்கள் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் உடனடியாகப் புகார் அளிக்கலாம்.

கேட்பவர்களின் கவனத்துக்கு

பரிந்துரை கேட்பவர்கள், "ஏதாவது வேலை இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்பதைத் தவிர்க்க வேண்டும். பணியிட எண், அதற்கேற்பத் திருத்திய சுயவிவரக் குறிப்பு, தாம் ஏன் பொருத்தமானவர் என்பதை விளக்கும் இரண்டு வரிகள் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பினால், கேட்கப்படுபவர் முடிவெடுப்பது எளிதாகும். சில நிறுவனங்களில், ஏற்கெனவே நேரடியாக விண்ணப்பித்தவரைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பரிந்துரைக்க இயலாது. எனவே, பதிலுக்கு எத்தனை நாள் காத்திருப்பது என்பதை முன்பே பேசிக்கொள்வது நல்லது.

ஒரு வாரத்துக்குள் தெளிவான பதில் கிடைக்கவில்லை என்றால், அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு நேரடியாக விண்ணப்பித்துவிடலாம். கேட்கப்பட்டவரும் அந்த ஒரு வாரத்தை வீணாக்காமல், முதல் நாளிலேயே தமது முடிவைச் சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.