'நைஸ்' படுத்தும் பாடு

ஆங்கிலக் கட்டுரை நோட்டு திரும்பி வந்தபோது ஒரே பக்கத்தில் ஏழு சிவப்பு வட்டங்கள்! ஏழும் 'நைஸ்' என்ற சொல்லைச் சுற்றியவை. நைஸ் பூங்கா, நைஸ் மழை, நைஸ் இட்லி என்று எழுதித் தள்ளியிருந்தேன். "இதற்கு என்ன பொருள் என்று அகராதியில் பார்த்து வா" என்றார் சிஸ்டர். தெரிந்த சொல்லுக்கு அகராதி எதற்கு என்று முணுமுணுத்தபடியே நூலகத்திற்குச் சென்றேன்.

தோழியரே, இச்சொல்லின் பூர்வீகம் 'நெஸ்கியுஸ்' என்னும் லத்தீன் சொல். 'நெ' என்றால் இல்லை. 'ஸ்கிரே' என்றால் அறிதல். ஆகவே நைஸ் என்றால் ஒன்றும் அறியாதவர்! அதே 'ஸ்கிரே'யிலிருந்துதான் 'சயன்ஸ்' என்ற சொல்லும் பிறந்தது என்றால் வேடிக்கையாக இல்லையா? பிரெஞ்சு மொழி வழியாக இங்கிலாந்தில் நுழைந்தபோது இதன் பொருள் 'மூடத்தனமான' என்பதே. 1400-இல் மறைந்த கவிஞர் சாசர் காலத்தில் யாரேனும் நம்மை நைஸ் என்றிருந்தால் சண்டைக்குப் போயிருப்போம்.

பிறகு 'எளிதில் திருப்தியடையாத' என்றும், 'மிக நுட்பமான' என்றும் பொருள் மாறியது. நூலிழை வேறுபாட்டை 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று இன்றும் சொல்கிறார்கள். 'இனிய' என்ற பொருள் பரவியது 18-ஆம் நூற்றாண்டில்தான். 1817-இன் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவலில், நைஸ் என்ற சொல்லைக் கையாளும் கதாநாயகியை ஹென்றி டில்னி கேலி செய்கிறான். என் சிவப்பு வட்டங்கள் நினைவுக்கு வந்தன. 'நைஸ் மெஸ்' என்றாலோ பாராட்டு அல்ல, திட்டு!

நம் வீடுகளிலும் இச்சொல் சும்மா இருக்கவில்லை. ஆங்கிலம் அறியாத என் பாட்டி, "உளுந்தை நைஸாக அரைடி" என்பார். தம்பி நைஸாகப் பேசிக் காசு வாங்குவான். வேலை சொன்னால் நைஸாக நழுவுவான்.

இதையெல்லாம் படித்தபின் ஒன்று உறுத்தியது. சென்ற ஆண்டு, தந்தைக்கு மாற்றலாகி ஊரைவிட்டுப் போன என் தோழி ஆட்டோகிராப் நோட்டை நீட்டினாள். அவசரத்தில் "நீ ஒரு நைஸ் கேர்ள்" என்று எழ்திக் கையெழுத்திட்டேன். எனக்கு அம்மை போட்டிருந்த இரண்டு வாரமும் கணக்குப் பாடம் முழுவதையும் எனக்காகத் தனி நோட்டில் எழுதி வைத்தவள் அவள். அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது அவளுக்கு என்ன தோன்றும்?

முகவரி வாங்கி, சென்ற வாரம் நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். அந்தக் கணக்கு நோட்டைப் பற்றியே ஒரு பக்கம். பதிலுக்காகத் தினமும் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.