பாலாடை அளவு

மதினிக்கு இரண்டாவது தடவை வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து, எங்கள் ஊரான ஏரலுக்குக் கூட்டிவந்த வாரம் அடுப்படியில் ஓயாமல் புழங்கியது ஒரு மருந்து மூடிதான். 30 மில்லி கொள்ளும். அதில் பருப்புத் தண்ணியையோ மோரையோ ஊற்றி, கால் மணி நேரம் எடுத்துக் கொஞ்சங்கொஞ்சமாக உள்ளே இறக்குவார். பச்சைப்பிள்ளைக்குப் பாலாடையில் பால் புகட்டுவார்களே, அந்தப் பொறுமை.

பார்க்க வந்த பெரியம்மைக்குத் தாங்கவில்லை. "ஏட்டி, இம்புட்டுக் காணுமா? இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துதேன், குடி."

"போதும் அத்தே. நெஞ்ச அடைக்கும்."

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையை மறுபடி செய்துகொண்டார் என்றால் ஊர் கேட்பது ஒன்றுதான்: வாயைக் கட்டவில்லையா? அந்தக் கேள்வி எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. ஏனென்றால் அது தப்பான கேள்வி.

மதினிக்கு முதலில் செய்தது 'ஸ்லீவ்'. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நெடுக வெட்டியெடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல ஒடுங்கிய குழாயாக விடுவார்கள். கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டியெடுக்கும் அந்த மேல்பாகத்தில்தான். 1999-இல் ஜப்பானியர்களான மசயாசு கோஜிமாவும் கென்ஜி கங்காவாவும் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆரம்பத்தில் பசி அடங்கிக் கிடப்பதற்கு அந்த மேல்பாகம் போய்விடுவது ஒரு காரணம். ஆனால் எடை இறங்கிய உடம்பு பஞ்சம் வந்ததாக நினைத்துச் சிக்கனம் பிடிக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் அறுவை சிகிச்சை இல்லாமலே எடை குறைத்த 14 பேரை, ஆறு வருஷம் கழித்துக் கெவின் ஹால் குழுவினர் அளந்து பார்த்து 2016-இல் எழுதினார்கள். சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரித்த ஆற்றல், இருக்கவேண்டியதைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவு. இதற்கு நாக்கை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

மதினியைப் படுத்தியது எடையைவிட எதுக்களிப்பு. ஒடுங்கிய குழாயில் அழுத்தம் கூடினால் அமிலம் மேலேறும். ராத்திரி உட்கார்ந்தே தூங்குவார். அதனால்தான் ஸ்லீவை பைபாஸாக மாற்றினார்கள்: முட்டையளவுக்கு ஒரு சின்னப் பை, அதை நேரே சிறுகுடலோடு இணைப்பது. அல்சருக்காக இரைப்பையில் பாதியை இழந்தவர்கள் எடை போடவில்லை என்று கவனித்து, அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1966-இல் தொடங்கிவைத்த முறையின் வழிவந்தது இது. முதல் தடவைத் தழும்பு, ஒன்றோடொன்று ஒட்டிப்போன உறுப்புகள், இவற்றுக்கிடையே வேலை செய்வதால் மறு அறுவையில் ஆபத்து கூடுதல். வீடு திரும்பிய பிறகு நாடி படபடவென்று ஓடினாலோ காய்ச்சல், வயிற்று வலி வந்தாலோ, தையலில் கசிவாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

தண்ணிச் சாப்பாடு, பிறகு மசித்தது, பிறகு குழைந்தது, இரண்டு மாதம் போலச் சென்றபின் வழக்கமான சாப்பாடு. சொல்ல லேசு. நம் பக்கம் உடம்பு சரியில்லாதவர்களுக்கு அரிசிக் கஞ்சியும் ரசமும்தான் கொடுப்போம். இரண்டிலும் புரதம் சொற்பம். இந்த அறுவை செய்துகொண்டவர்களுக்கோ நாளைக்கு 60 கிராமாவது வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்போடு சதையும் கரையும், முடி கொட்டும். ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனில் 20 கிராம் போல. கடல் பக்கத்திலிருப்பது எங்களுக்கு நல்லதாய்ப் போயிற்று. சீலா மீனை வேகவைத்து, முள் பார்த்து, விரலால் உதிர்த்து, தயிரில் மசித்துக் கொடுத்தோம். முதலில் மீன், பிறகு காய், வயிற்றில் இடமிருந்தால் சோறு. புரோட்டா உள்ளே போய்ப் பிசைந்த மாவாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். கருப்பட்டி நல்லதுதானே என்று பெரியம்மை ஒருநாள் காப்பி போட்டுக் கொடுத்தார். அரைமணிக்குள் மதினிக்கு வேர்த்துக்கொட்டி, நெஞ்சு படபடத்து, வயிற்றைப் பிசைந்தது. சர்க்கரை விறுவிறுவெனக் குடலில் இறங்கினால் அப்படித்தான் ஆகும். கருப்பட்டியும் அதற்குச் சர்க்கரைதான்.

சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, முடித்து அரைமணி போகவேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சாப்பிடக்கூடாது, கால்சியத்துக்கும் அதற்கும் இரண்டு மணி இடைவெளி. பி12-ஐ உறிஞ்சத் துணைசெய்யும் பொருளை வெட்டாத இரைப்பைதான் போதிய அளவு சுரக்கும். அதனால் மாத்திரையோ ஊசியோ ஆயுசுக்கும் உண்டு. நாள்கணக்கில் வாந்தியிருந்தால் தயமின் குறைந்து மூளையையே பாதிக்கும். அதைச் சாதாரண வாந்தி என்று விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் மாதம், 2023 டிசம்பரில், தாமிரபரணி ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்தது. பாலம் உடைந்து ஏரல் தனித்துப்போயிற்று. கரண்ட் இல்லை, பால் தயிர் இல்லை. கிடைத்ததெல்லாம் சோறும் பிரெட்டும். ஒரு மாத மாத்திரையை முன்கூட்டியே டப்பாவில் போட்டுப் பரணில் வைத்திருந்தது மதினிதான். பொரிகடலையை இடித்து, காய்ச்சிய தண்ணியில் கரைத்து, அந்த மருந்து மூடியால் குடித்தே நாலு நாளை ஓட்டினார்.

அடுத்த ஆடி அமாவாசைக்குச் எங்கள் ஊர்ச் சேர்மன் கோயிலுக்கு வந்த சொந்தமெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பிட்டது. எல்லாருக்கும் இலை, மதினிக்கு மட்டும் சின்னத் தட்டு. பெரியம்மைதான் பரிமாறினார். கெட்டிப் பருப்பையும் தயிரையும் முதலில் வைத்தார். ஓரமாக ஒரு ஸ்பூன் சோறு. பக்கத்து இலைக்காரர் தண்ணீர்ச் செம்பை மதினி பக்கம் நகர்த்த, பெரியம்மை குனிந்து அதை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.