பெத்தாங் ஆட்டம்

புதுச்சேரி நகரில் மாலைப்பொழுதில், எஃகுக் குண்டுகளைக் கையிலேந்தி மண்தரையில் நின்று விளையாடுவாரைக் காணலாம். அவர்கள் ஆடுவது பெத்தாங். பிரெஞ்சு ஆட்சி 1954-இல் நீங்கியது. அவர்தம் ஆட்டம் நீங்கவில்லை.

பிரான்சின் தென்கரையிலுள்ள லா சியோத்தா என்னும் ஊரில் 1907-ஆம் ஆண்டளவில் இது தோன்றியது என்பர். அதற்குமுன் அங்கு வழங்கிய ஆட்டத்தில் ஓடிவந்து குண்டெறிதல் மரபு. மூட்டுநோயால் ஓட இயலாத ழூல் லெனுவார் என்பவர்பொருட்டு நின்றபடியே எறியும் முறை வகுக்கப்பெற்றது. ஊன்றிய பாதங்கள் என்பதே பெத்தாங் என்னும் பெயரின் பொருள்.

6 முதல் 10 மீட்டர் தொலைவில் சிறிய மரக்குண்டு ஒன்று கிடக்கும். அதற்கு மிக அருகே தம் குண்டைச் சேர்க்கும் அணிக்கே புள்ளி கிட்டும். முதலில் 13 புள்ளி பெறும் அணி வெல்லும். அணியில் ஒருவர் குண்டைச் சேர்ப்பவர். மற்றொருவர் எதிரணியின் குண்டை அடித்து அகற்றுபவர். கோலி ஆடிய சிறுவர் எவரும் இவ்விரு தொழிலையும் அறிவர்.

அடிப்பவர் பணியே அரிது என்பேன். இலக்காகும் குண்டின் குறுக்களவு 8 சென்டிமீட்டரை மிகாது. சற்றே பிழைத்தால் தம் அணியின் குண்டே சிதறிப்போகும். மூவர் அணியில் ஒருவர்க்கு இரண்டே குண்டுகள். முதலாவது தவறிற்றாயின், தோழர் முகத்தை அவர் நோக்கார். நோக்கினால் கை நடுங்கும். எறிதற்கு ஒரு நிமிடமே உண்டு. அதற்குள் குண்டில் ஒட்டிய மண்ணைத் துணியால் துடைப்பார். வட்டத்தினுள் பாதங்களை ஊன்றுவார். இலக்கை மட்டும் நோக்குவார். பின்னரே கை பின்னோக்கிச் செல்லும்.