மூங்கில் கழியும் நாலு ஊக்கும் போதும்!

எம்ப்ராய்டரி, மணிப் பை, வடாம் என்று எத்தனையோ சகோதரிகள் இந்தப் பகுதியில் தங்கள் கைவேலையைப் பற்றி எழுதுகிறீர்கள். என் கைவேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் செய்வது தூண்டில்!

எல்லாம் என் மகனால் வந்தது. 2022 ஜூன் 5ம் தேதி எங்கள் கெடிலம் ஆற்றில், நெல்லிக்குப்பம் பக்கம் குச்சிப்பாளையத்தில், குளிக்கப் போன ஏழு பெண்கள் மூழ்கி இறந்து போனார்கள். அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் துணி மடிக்கும்போது பையனின் கால்சட்டைப் பையில் தூண்டில் முள்! விசாரித்தால், லீவு முழுக்க ஆற்றுக்குத்தான் போயிருக்கிறான். கையில் நாலடிக் குச்சி. குச்சி எட்டாததால் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்றிருக்கிறான். மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அடித்தேன், அழுதான். ஆனால் 'போகாதே' என்றால் ஒளிந்துதானே போவான்? "கரையிலேயே நின்னு பிடிக்கிற மாதிரி பெரிய தூண்டிலா செய்வோம். நான் கூட வராம போகக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக் கொண்டேன். "ஏன்டி, ஊரே சிரிக்கப் போவுது!" என்றார் அத்தை. "மேரு மலையையே வில்லா வளைச்ச சாமி இருக்கிற ஊரு அத்தை இது. மூங்கிலை வளைக்க நமக்கென்ன வெட்கம்?" என்றேன்.

செய்வது சுலபம். முற்றிய, கெட்டியான மூங்கிலாகப் பத்தடி வாங்குங்கள். சில வாரம் நிழலில் காய வேண்டும். வெயிலில் போட்டால் வெடித்து விடும். கோணலை அடுப்புத் தணலில் லேசாக வாட்டி நிமிர்த்தலாம். கணுக்களை உப்புத் தாளால் தேய்த்து விடுங்கள். பெரிய ஊக்குகளின் தலையை வெட்டி எறிந்து, இரண்டு காலையும் விரித்துக் கழியில் வைத்து நூலால் நெருக்கமாகச் சுற்றுங்கள். ஊக்கின் சுருள்தான் நரம்பு ஓடும் வளையம். நுனிப் பக்கம் வளையங்களின் இடைவெளி குறைய வேண்டும். முடிச்சுப் போடாதீர்கள். கடைசிச் சுற்றுகளுக்கு அடியில் மடித்த நூல் ஒன்றை வைத்து, நுனியை அதில் கோத்து இழுத்தால் உள்ளே மறைந்து விடும். மேலே இரண்டு முறை வார்னிஷ். பிடிக்குப் பழைய சைக்கிள் டியூப், தக்கைக்குத் தேய்ந்த ரப்பர் செருப்புத் துண்டு. நரம்பைப் பிடிப் பக்கம் கட்டினால், நுனி ஒடிந்தாலும் மீன் போகாது.

மூன்று எச்சரிக்கை. முள்ளின் எதிர்ப்பல்லைக் குறடால் நசுக்கி விடுங்கள். விரலில் குத்தினாலும் சுலபமாக வெளியே வரும். மின்கம்பிக்குக் கீழே நீளக் கழியைத் தூக்கவே கூடாது. ஏலம் விட்ட குளமென்றால் எடுத்தவரிடம் கேட்டு விட்டுப் பிடியுங்கள்.

பிறகு பையனுக்கு நீச்சலும் கற்றுக் கொடுத்தோம். ஆனாலும் சத்தியம் சத்தியம்தான். ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் கரையில் உட்கார்ந்தால், வீட்டில் வாய் திறக்காதவன் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்கிறான். சில நாள் ஒரு கெண்டை கூடக் கிடைக்காது. அதனால் என்ன?

ஊர் சிரிக்கும் என்ற அத்தை, இப்போதெல்லாம் சனிக்கிழமையே புளி ஊற வைக்கலாமா என்று கேட்கிறார்!

- ஒரு வாசகி, திருவதிகை.