தங்கவயலின் வெங்கச்சங்கல்

சின்ன வயதில் விளக்கணைந்த பிறகு இரண்டு வெங்கச்சங்கல்லை எடுத்து ஒன்றோடொன்று உரசிப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர். உரசிய இடத்தில் மங்கலாக ஒரு வெளிச்சம் ஓடும். மூக்கருகே கொண்டுபோனால் கருகிய வாடை அடிக்கும். பாடப்புத்தகத்தில் அந்தக் கல்லுக்குப் பெயர் குவார்ட்ஸ். சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த, எந்தக் கரட்டிலும் கிடைக்கிற கல். கோலார் தங்கவயலைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் நான் தங்கத்தை விட்டுவிட்டு இந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குவேன். தங்கத்தைத் தன் மடியில் வைத்திருந்தது அதுதான். அதைத் தேடிப் போனவர்களின் நுரையீரலில் தூளாகப் படிந்ததும், இன்று ஊரைச் சுற்றி மேடுமேடாகக் குவிந்து காற்றில் பறக்கும் மண்ணில் கலந்திருப்பதும் அதேதான்.

பெங்களூருக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது தங்கவயல். பங்காரப்பேட்டையில் பிரியும் கிளைப்பாதை கோரமண்டல், உரிகாம், சாம்பியன் என்று சுரங்கப் பெயர்களையே நிலையங்களாகத் தாண்டி மாரிக்குப்பத்தில் முடிகிறது. அந்தப் பகுதியின் புவியியல் வரைபடத்தை விரித்தால் ஒன்று கண்ணில் படும். சுற்றிலும் வெளிர்நிற நைஸ், கிரானைட் பாறைகள். நடுவே வடக்குத் தெற்காக ஒரு கரும்பட்டை. சுமார் 80 கி.மீ. நீளம், அகலமோ சில கிலோமீட்டர்தான். கோலார் ஷிஸ்ட் பட்டை என்று பெயர். தெற்கே சித்தூர் மாவட்டத்துக்குள் இறங்கி, கிருஷ்ணகிரிப் பக்கம் வந்து தேய்ந்து போகிறது.

அந்தக் கரும்பாறையின் பெயர் ஆம்பிபோலைட். அது ஒரு காலத்தில் கடலடியில் வழிந்த எரிமலைக் குழம்பு. வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டு. கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேல் நிற்கிற மேட்டு நிலத்தில் கடலடிப் பாறை என்று எப்படிச் சொல்கிறார்கள்? பெத்தபள்ளியில் அதற்குச் சாட்சி இருக்கிறது. கொதிக்கும் குழம்பு குளிர்ந்த நீரைத் தொட்டதும் மேல்தோல் இறுகும். உள்ளிருக்கும் குழம்பு அதைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த உருண்டையாக வெளிவரும். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து அடுக்கிய உருண்டைகளுக்குத் தலையணைப் பாறை என்று பெயர். தண்ணீருக்குள் வழிந்தால்தான் குழம்பு இந்த உருவம் எடுக்கும். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அந்த இடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக் கோயிலைப் பார்க்கக் குடும்பத்தோடு போகிற நாம், 270 கோடி ஆண்டுக் கடலடியைப் பார்க்க ஒருமுறை வண்டியை நிறுத்தலாம்.

இந்தப் பாறை பின்னர் புதைந்து, நெருக்குண்டு, மடிந்து, செங்குத்தாக நிமிர்ந்தது. அந்த நெருக்கத்தில் விரிசல்கள் விட்டன. பல கிலோமீட்டர் ஆழத்திலிருந்து, நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில், பெரும் அழுத்தத்தில் தண்ணீர் அந்த விரிசல்கள் வழியாக ஏறியது. தண்ணீரில் தங்கம் கரையாது என்றுதான் நமக்குத் தெரியும். ஆனால் அந்த வெந்நீரில் கந்தகம் இருந்தது. கந்தகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு தங்கமும் கரைந்து வந்தது. வழியில் இருந்ததோ இரும்புச் சத்து மிகுந்த கரும்பாறை. கந்தகத்துக்கு இரும்பைக் கண்டால் போதும், தங்கத்தை விட்டுவிட்டு இரும்போடு சேர்ந்து பைரைட்டாகவும் பிர்ரோடைட்டாகவும் மாறிவிடும். கைவிடப்பட்ட தங்கம் அங்கேயே படிந்தது. கூடவே கரைந்து வந்த சிலிக்கா விரிசலை அடைத்து வெங்கச்சங்கல்லாக இறுகியது. அடைபட்ட விரிசல் மறுபடி பிளந்தது, மறுபடி வெந்நீர் வந்தது. இது எத்தனையோ முறை நடந்தது.

இப்படி உண்டான முக்கியமான தங்கப் படிவுக்குச் சாம்பியன் ரீஃப் என்று பெயர். அதன் கல் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தால் இந்தக் கதை முழுவதும் அதில் தெரியும். நம் கரட்டு வெங்கச்சங்கல் போல அது பால்வெள்ளை இல்லை. சாம்பலும் நீலமும் கலந்த புகைநிறம். குறுக்கே மெல்லிய கருங்கோடுகள், மடித்து வைத்த சேலையின் ஓரம்போல் நெருக்கமாக ஓடும். ஒவ்வொரு கோடும் விரிசல் ஒருமுறை மீண்டும் திறந்ததன் தடம். மஞ்சளாக எதுவும் மினுங்கினால் அவசரப்படக் கூடாது. பெரும்பாலும் அது பைரைட்டாகவோ சால்கோபைரைட்டாகவோ இருக்கும். ஊசிமுனையால் அழுத்திப் பார்த்தால் போதும்: பைரைட் உதிரும், தங்கம் குழியும். நல்ல தங்கம் இருக்கிற கல்லிலும் பல நேரம் கண்ணுக்கு எதுவும் தெரியாது. இங்கே கிடைக்கும் இன்னொரு கனிமம் ஷீலைட், டங்ஸ்டனின் தாது. பகலில் பார்த்தால் அழுக்கு வெள்ளைக் கல். இருட்டில் புறஊதா விளக்கின் கீழ் வைத்தால் வெளிர்நீலமாக ஒளிர்கிறது.

மேற்கே மெக்டாகர்ட், ஓரியண்டல் என்று கந்தகத் தாதுக்கள் மிகுந்த வேறு படிவுகளும் உண்டு. ஆனால் ஊரை உருவாக்கியது சாம்பியன் ரீஃப்தான்.

தங்கம் இருப்பது ஊர்க்காரர்களுக்கு முன்பே தெரியும். 1802-ல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் அந்தப் பேச்சைக் கேட்டு, காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். உரிகாம் கிராமத்தார் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்முன்னே கழுவிப் பொன்துகளை எடுத்துக் காட்டினார்கள். அவர் எழுதி வைத்த அறிக்கையை 1871-ல் படித்தார், ஓய்வுபெற்ற சிப்பாய் மைக்கேல் லாவெல். சுரங்க உரிமை கேட்டு மைசூர் அரசுக்கு விண்ணப்பித்தவர் அவர்தான். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்தது. முதல் சில ஆண்டுகளில் பணம் கரைந்ததே மிச்சம். மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்த வேளையில், பழங்காலத்து ஆட்கள் தோண்டி விட்டிருந்த குழிகளுக்கு அடியில் ஆழப்படுத்திப் பார்த்தார்கள். சாம்பியன் ரீஃப் அங்கே இருந்தது. உளியும் நெருப்பும் வைத்துக்கொண்டு அந்த முன்னோர் கண்ட படிவையே கம்பெனி தொடர்ந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். பெரும்பாலோர் தலித் மக்கள், தமிழ் பேசுகிறவர்கள். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் தொடங்கிய ‘தமிழன்’ இதழைப் பின்னாளில் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்துதான் நடத்தினார். காவிரியின் சிவசமுத்திரத்தில் உண்டான மின்சாரம் 1902-ல் இந்தச் சுரங்கத்துக்கு வந்தது. பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது அதற்குப் பிறகு.

ரீஃபின் தடிமன் பல இடங்களில் ஒரு மீட்டர் அளவுதான். சரிந்தும் செங்குத்தாகவும் அது கீழே போய்க்கொண்டே இருந்தது, ஆட்களும் அதன் பின்னாலேயே இறங்கினார்கள். கடைசியில் 3.2 கி.மீ. ஆழம். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக அது இருந்தது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். இதிலும் கல்லின் வயதுக்கு ஒரு பங்கு உண்டு. பூமிக்குள் இறங்க இறங்க, கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி சூடு ஏறுவது வழக்கம். அப்படி ஏறியிருந்தால் இங்கே பாறை 100 டிகிரியைத் தாண்டியிருக்கும், யாரும் இறங்கியிருக்க முடியாது. தக்காண நிலம் மிகப் பழையது, அடியில் ஆறிப்போனது. அதனால் இங்கே சூடு அதில் பாதி வேகத்தில்கூட ஏறவில்லை.

ஆனால் பாரம் குறையவில்லை. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் எட்டாயிரம் டன்னுக்கு மேற்பட்ட பாறை உட்கார்ந்திருக்கிறது. மண்ணோ களிப்பாறையோ என்றால் அந்தப் பாரத்தில் மெல்லப் பிதுங்கும். குவார்ட்ஸும் ஆம்பிபோலைட்டும் பிதுங்கா. விறைத்து நின்று தாங்கும், தாங்க முடியாத கணத்தில் சுவரோடு வெடித்துச் சிதறும். தொழிலாளர்கள் இதை ஏர் பிளாஸ்ட் என்றார்கள். கீழே வெடித்தால் மேலே ஊர் நிலநடுக்கம்போல் குலுங்கும், வீட்டுச் சுவர்கள் விரிசல் விடும். தங்கம் எடுத்த வெற்றிடத்தில் முதலில் மரத்தை முட்டுக் கொடுத்தார்கள். பிறகு கிரானைட் கற்களை அடுக்கிச் சுவர் கட்டினார்கள். பாறை எப்போது வெடிக்கும் என்று முன்கூட்டி அறிய நில அதிர்வுக் கருவிகள் பதித்தார்கள். 1988-ல் தேசியப் பாறை இயங்கியல் நிறுவனம் தங்கவயலில் தொடங்கப்பட்டது இந்த அனுபவத்தின் மேல்தான். விறைப்பான பாறையாக இருந்ததால்தான் விரிசல் விட்டுத் தங்கத்துக்கு வழி திறந்தது. அந்த விறைப்புதான் எத்தனையோ பேரின் உயிரை எடுத்தது.

வெடிப்புக்குத் தப்பியவர்களைத் தூசி பிடித்தது. துளையிடும்போது எழும் குவார்ட்ஸ் தூள் நுரையீரலின் அடியாழம் வரை போய்த் தங்கும், வெளியே வராது. சுற்றியுள்ள சதை தழும்பாக இறுகி மூச்சு குறையும். சிலிக்கோசிஸ் என்ற இந்த நோய் இந்தியாவில் முதன்முதலில் பதிவானது 1934-ல், இதே தங்கவயலில்.

அறிவியலுக்கு இந்தப் பாறை செய்த ஒரு உதவியையும் சொல்ல வேண்டும். மேலிருந்து பொழியும் அண்டக் கதிர்களை இரண்டு கிலோமீட்டர் பாறை வடிகட்டி நிறுத்திவிடும், நியூட்ரினோ என்ற நுண்துகள் மட்டுமே தப்பி வரும். 1965-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கி.மீ. ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களை உலகில் முதலில் பதிவு செய்தவர்களில் அவர்களும் உண்டு.

இனிக் கணக்கு. தோண்டி எடுத்த தாது 5 கோடி டன் அளவு, கிடைத்த தங்கம் 800 டன்னுக்கு மேல். அதாவது ஒரு டன் கல்லுக்குச் சராசரியாக 16 கிராம், இரண்டு சவரன். அவ்வளவு தங்கத்தையும் உருக்கிக் கட்டியாக்கினால் பன்னிரண்டடி நீளம், அகலம், உயரமுள்ள ஒரே அறைக்குள் அடங்கிவிடும். தங்கம் கனமான உலோகம், அதனால் இவ்வளவு சின்ன இடம். கல்லை மாவாக இடித்து, பாதரசம் பூசிய தகட்டில் ஓடவிட்டு, மீதியைச் சயனைட் கரைசலில் ஊறவைத்துப் பிரித்தார்கள். போகப் போகத் தாதில் தங்கம் குறைந்தது, இறங்கும் செலவு கூடியது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது.

அரைத்த மாவு எங்கும் போகவில்லை. 13 மேடுகளாக, 3 கோடி டன்னுக்கு மேல், ஊரின் நடுவிலேயே நிற்கிறது. ஊரார் அதைச் சயனைட் மலை என்கிறார்கள். செடி எளிதில் முளைக்காத சாம்பல்நிறத் தூள் அது. மாவில் மிஞ்சிய கந்தகத் தாது மழையில் அமிலமாகி வடிகிறது, கோடைக் காற்றில் தூள் வீட்டுக்குள் வந்து படிகிறது. அந்த மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை மறுபடி பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-ல் ஒப்புதல் தந்தது. எடுக்கட்டும். ஆனால் மேட்டைக் கிளறுவதற்கு முன் தூசி அடங்க வழி செய்யட்டும். காற்று வீசும் திசையில் குடியிருக்கும் அந்தச் சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகளையும் பேரன் பேத்திகளையும் முதலில் உட்காரவைத்துக் கேட்கட்டும்.