மிஞ்சிய குளிசைகள்

மழைக்காலம் தொடங்கியதும் கண்டி மாநகரிலே தடிமனும் தொண்டை நோவும் வீடுதோறும் புகுந்துவிடுகின்றன. அப்போது நம்மவருட் பலர் வைத்தியரை நாடாது, முன்னொரு நோயின்போது மிஞ்சிய அமொக்சிசிலின் குளிசைகளைத் தேடி எடுத்து விழுங்குகின்றனர். தடிமன் வைரசினால் வருவது. அன்ரிபயோட்டிக் எனும் நுண்ணுயிர்கொல்லிகளோ பற்றீரியாக்களையே அழிக்க வல்லன. ஆதலின் அக்குளிசை தடிமனுக்குச் சிறிதும் உதவாது.

உதவாமையோடு ஒழிந்தாலும் நன்றே. 1928 இல் பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945 இல் நிகழ்த்திய நோபெல் பரிசுப் பேருரையில் ஒரு கற்பனைக் கதை கூறினார். தொண்டை நோவுற்ற ஒருவன் தானே பென்சிலின் வாங்கிப் போதாத அளவில் உட்கொள்கிறான். கிருமிகள் மாளவில்லை, அம்மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கின்றன. அவை மனைவியைத் தொற்ற, அவள் நியூமோனியாக் காய்ச்சலில் வீழ்கிறாள். பென்சிலின் பயன்தராமையால் இறக்கிறாள். அவள் சாவுக்குப் பொறுப்பாளி யார் என வினவினார் பிளெமிங். (கிருமிகளுக்கும் ஆசிரியர் உளர் என்பதை நாம் அக்கதையிலேதான் அறிந்தோம்!) உண்மையில் நிகழ்வது இதுவே: வலிகுன்றிய கிருமிகள் மடிய, மருந்தைத் தாங்கவல்லவை எஞ்சிப் பெருகுகின்றன, அவ்வியல்பைப் பிற கிருமிகளுக்கும் வழங்குகின்றன.

பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாய் விளங்கிய பேராசிரியர் சேனக பிபிலே, இன்றியமையா மருந்துகளே நாட்டுக்குள் வருதல் வேண்டுமெனப் பாடுபட்டவர். 1971 இல் நிறுவப்பெற்ற அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். அவர் கற்பித்த ஊரின் அயலிலேயே வைத்தியரின் துண்டின்றி மருந்து கேட்போரைக் காண நமக்கு வருத்தமே மிகுகின்றது.

வைத்தியர் குறித்த அளவை, குறித்த நாள்வரை உண்க. இடையில் நிறுத்த எண்ணினால் அவரையே கேட்க. மிஞ்சியதை அயலார்க்கு ஈதல் தருமமாகாது. பென்சிலின் ஒவ்வாதோர் அதனை முன்னரே கூறிவிடல் வேண்டும்; அவ்வொவ்வாமை சிலவேளை உயிரையே கவர்வதுண்டு.